ஒரு காதில் குரல், மறு காதில் டிரம்ஸ்

அன்பு ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ராக், பாப் இசையை முறையாகக் கேட்கலாம் என்று இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்திலேயே தடுமாற்றம். ஹெட்ஃபோனில் கேட்டால் பாடுகிற குரல்களெல்லாம் ஒரு காதில், கிட்டாரும் டிரம்ஸும் மறு காதில். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது. கோப்பில் கோளாறா, அல்லது பதிவே அப்படித்தானா? இரண்டாவது, ஒரே ஆல்பத்துக்கு ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டீலக்ஸ், ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று ஏழெட்டு வடிவங்கள் கிடக்கின்றன. எதைக் கேட்பது? புதியது பளிச்சென்று இருக்கிறது, ஆனால் நான்கு பாட்டுக்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்றாவது, எண்பதுகளுக்கு வந்தால் யார் பாட்டிலும் டிரம்ஸ் ஒரே மாதிரி வெடிக்கிறதே, ஏன்? இதையெல்லாம் ஆராயாமல் பாட்டைக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறார்கள் நண்பர்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

கோப்பில் கோளாறு இல்லை. உங்கள் காதிலும் இல்லை. நண்பர்கள் சொல்வதில் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. பழைய ராக் இசையில் பெரும்பாலான பாடல்களுக்கு ‘அந்தப் பாட்டு’ என்று ஒரே ஒரு வடிவம் கிடையாது. பதிவான ஒலிகளைக் கலந்து முடித்த வடிவம்தான் மிக்ஸ். மோனோ மிக்ஸ் (எல்லா ஒலியும் ஒன்றாக), ஸ்டீரியோ மிக்ஸ் (இடம், வலம் என்று பிரித்து), பிற்கால மிக்ஸ் எல்லாம் தனித்தனி ஒலிகள். தவறான ஒன்றைக் கேட்டுவிட்டு, ‘இவ்வளவு கொண்டாடுகிறார்களே, இதில் என்ன இருக்கிறது?’ என்று மூடிவைத்தவர்கள் ஏராளம். எந்தக் கருவிக்காக, எத்தனை ட்ராக்கில் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடங்களில்) செய்த மிக்ஸ் என்று தெரிந்துகொண்டு கேட்டால் பாதிப் புகார் மறைந்துவிடும்.

முதலில் அந்த ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஆல்பம். 14 பாடல்கள். அவற்றில் 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், லண்டன் ஆபி ரோடில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். கையில் இருந்தது இரண்டு ட்ராக் டேப் இயந்திரம். ஒரு ட்ராக்கில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இப்படிப் பிரித்தது ஸ்டீரியோவுக்காக அல்ல. பின்னால் இரண்டையும் கலந்து மோனோ ஆக்கும்போது, குரலுக்கும் வாத்தியத்துக்கும் இடையே அளவைச் சரிசெய்துகொள்ளத்தான். அன்று பாப் ரசிகர்கள் வாங்கியது மோனோ இசைத்தட்டு, வானொலி ஒலிபரப்பும் மோனோ. ஸ்டீரியோ இசைத்தட்டும் விற்க வேண்டும் என்றபோது, இருந்த இரண்டு ட்ராக்கையும் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று வைத்துவிட்டார்கள். நீங்கள் கேட்பது அதைத்தான்.

வரவேற்பறை ஸ்பீக்கரில் இது அவ்வளவு உறுத்தாது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகிறது, சுவரில் பட்டும் திரும்புகிறது. ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு துளியும் இல்லை. ஒரு காதில் மட்டும் ஒரு மனிதர் பாடுவது இயற்கையில் நடக்காத ஒன்று, அதனால்தான் களைப்பு.

பீட்டில்ஸ் மட்டும் இப்படி இல்லை. அக்காலத்து மிக்ஸிங் மேசைகள் பலவற்றில் ஒலியை நகர்த்தும் குமிழே கிடையாது. இடம், நடு, வலம் என்று மூன்று நிலை கொண்ட சுவிட்ச்தான். ட்ராக்குகள் எட்டாகப் பெருகி, குமிழ்களும் வந்தபிறகுதான் குரல், பேஸ் கிட்டார், பெரிய டிரம் மூன்றும் நடுவில் உட்காரும் வழக்கம் நிலைத்தது. அதற்கு இசைத்தட்டும் ஒரு காரணம். கனமான பேஸ் ஒரு பக்கமாக இருந்தால் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்படும், மலிவான பிளேயர்களில் ஊசி குதித்துவிடும்.

நான்கு ட்ராக் இயந்திரத்தில் பீட்டில்ஸ் பதிவு செய்யத் தொடங்கியது 1963 அக்டோபரில். அடுத்த ஐந்தாண்டுகளின் ஒலியைப் புரிந்துகொள்ள அந்த நான்கில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் போதும். நான்கும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு நான்கு ட்ராக் டேப்பில் ஒன்றிரண்டு ட்ராக்கில் இறக்குவார்கள், மீதி ட்ராக்குகள் புதிய வாத்தியங்களுக்கு. இதற்கு இரண்டு விலை. ஒவ்வொரு நகலுக்கும் டேப்பின் ‘ஸ்’ இரைச்சல் ஏறும், சம அளவில் இரண்டு இரைச்சல் சேர்ந்தால் 3 டெசிபல். அதைவிடப் பெரிய விலை, இறக்கிய கலவையை இனிப் பிரிக்க முடியாது. டிரம்ஸும் பேஸும் ஒரே ட்ராக்கில் போய்விட்டால், மூன்று வாரம் கழித்து டிரம்ஸ் மட்டும் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினாலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘சார்ஜன்ட் பெப்பர்’ (1967) முழுக்க இந்த முறையில் கட்டியது. எதை எவ்வளவு சத்தமாக வைப்பது என்று அங்கேயே, அப்போதே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் துணிவு அந்த ஆல்பத்தில் எனக்குத் துலக்கமாகக் கேட்கிறது.

அந்த ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்குப் பீட்டில்ஸ் உடன் இருந்து நேரம் செலவிட்டார்கள். ஸ்டீரியோ மிக்ஸ் அவர்கள் இல்லாமலே வேகமாக முடிந்தது. வித்தியாசம் சிறியதல்ல. ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே. ஸ்டீரியோவில் இழுபடுவதுபோல் தோன்றினால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த ஆண்டு வந்த ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாட்டில் தலைகீழ் நிலைமை. ஸ்டீரியோவில் பாட்டு மங்கி, திரும்பி வந்து, விரலில் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ கத்துவதோடு முடியும். மோனோவில் அந்தக் கத்தலே இல்லை.

ஆக, எதைக் கேட்பது? 1963 முதல் 1967 வரையிலான பீட்டில்ஸுக்கு 2009இல் வந்த மோனோ தொகுப்பின் வடிவங்களே என் முதல் தேர்வு. ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 1987இல் சிடி வந்தபோது மார்ட்டின் இவற்றை ஸ்டீரியோவில் மீண்டும் மிக்ஸ் செய்தார், 2009 ஸ்டீரியோ ரீமாஸ்டரிலும் அந்த மிக்ஸ்தான் இருக்கிறது. 1965இன் அசல் ஸ்டீரியோ வேண்டும் என்றால், வேடிக்கையாக, அது மோனோ தொகுப்பின் அந்த இரண்டு டிஸ்க்குகளில்தான் கிடைக்கும். ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்பவர் என்றால் பிற்கால ரீமிக்ஸ்களைத் தயங்காமல் எடுங்கள். 2017 ‘சார்ஜன்ட் பெப்பர்’ ரீமிக்ஸில் கலந்து இறக்குவதற்கு முந்தைய முதல் டேப்புகளுக்கே போய், அவற்றை ஒத்திசைத்து மிக்ஸ் செய்தார்கள். 2022 ‘ரிவால்வர்’ இன்னும் ஒருபடி மேலே. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்த கிட்டார், பேஸ், டிரம்ஸை மென்பொருள் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது.

மோனோ பதிப்பு கையில் இல்லையென்றால் ஃபோனிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி பகுதிக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றாக வரும், தலைவலி நிற்கும். ஆனால் இது அசல் மோனோ மிக்ஸ் ஆகிவிடாது. ஸ்டீரியோவில் நடுவில் வைத்தவை, ஓரத்தில் வைத்தவற்றைவிடச் சுமார் 3 டெசிபல் கூடிவிடும், ஓரத்து வாத்தியங்கள் பின்னால் போகும். குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறு பக்கம் என்ற 1963 வகைப் பதிவுகளுக்கு இந்தப் பொத்தான் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் நடுவில் ஏறுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. எழுபதுகளின் பதிவுகளுக்கு வேண்டாம்.

இன்னொரு இடத்தில் இந்தப் பொத்தான் கெடுத்தே விடும். மோனோ பாட்டை ஸ்டீரியோ என்று விற்பதற்காக அறுபதுகளில் அமெரிக்காவின் கேபிடல் நிறுவனம் ‘டியோஃபோனிக்’ என்று ஒன்று செய்தது. ஒரே ஒலியில் ஒரு பக்கம் கீழ்ச்சுரங்களைத் தூக்கி, மறு பக்கம் மேல்சுரங்களைத் தூக்கி, இரண்டுக்கும் இடையில் மிகச் சிறிய தாமதம். இதைக் கலந்தால் சில அதிர்வெண்களில் இரு பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இந்த வேடத்திலும் விற்றது. அந்த ஆல்பத்தை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்கவில்லை, அவர் முடித்துக் கொடுத்தது மோனோ மட்டுமே. முறையான ஸ்டீரியோ மிக்ஸ் 1997இல்தான் வெளிவந்தது. எனவே அந்த ஆல்பத்தில் ‘மோனோ’ என்று போட்டிருப்பதை முதலில் கேளுங்கள், 1997க்குப் பிந்தைய ஸ்டீரியோவை அடுத்து.

உங்களிடம் உள்ள கோப்பு உண்மையான மோனோவா என்று சோதிக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பைத் திறந்து, ட்ராக்கின் மெனுவில் ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுங்கள், இரண்டு ட்ராக் ஆகும். ஒன்றை மட்டும் தேர்ந்து எஃபெக்ட் மெனுவில் ‘இன்வர்ட்’ கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு மௌனம் என்றால் சுத்தமான மோனோ. இரைச்சலும் சடசடப்பும் மட்டும் மிஞ்சினால் மோனோ டேப்பிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ ஸ்டீரியோ கருவியில் எடுத்தது. மெலிந்த, வெளிறிய பாட்டு ஒன்று மிஞ்சினால் ஸ்டீரியோ, அல்லது நான் மேலே சொன்ன போலி. போலி என்று தெரிந்தால் கலக்காதீர்கள். இரண்டு பக்கத்தில் எது தேவலாமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

இனி, பளிச்சென்று இருந்தும் நான்கு பாட்டில் சலிக்கும் புதிய பதிப்பு. ரீமிக்ஸ் என்றால் பல ட்ராக் டேப்புக்குத் திரும்பி எல்லாவற்றையும் புதிதாகக் கலப்பது. ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன இரண்டு ட்ராக் மிக்ஸை மறுபடி டிஜிட்டலாக்கி, சமன் செய்து, அளவு கூட்டுவது மட்டும். சிக்கல் அந்த ‘அளவு கூட்டுவது’ என்பதில் இருக்கிறது. டிஜிட்டலில் உச்சவரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால் டிரம்ஸ் அடியின் உச்சியை லிமிட்டர் வைத்து நசுக்கி, மற்றதையெல்லாம் மேலே தூக்குவார்கள். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இது போட்டியாகவே நடந்தது. 1973இல் வந்த ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ ஆல்பத்தை 1997இல் அந்தக் குழுவின் பாடகர் இகி பாப் மீண்டும் மிக்ஸ் செய்தபோது அளவு எந்த எல்லைக்குப் போனது என்று ஆடாசிட்டியில் திறந்து பாருங்கள். அலைவடிவம் செங்கல் அடுக்கியதுபோல் நேராக வெட்டப்பட்டிருக்கும்.

சத்தம் கூடிய எதுவும் முதல் நிமிடத்தில் நன்றாகவே தோன்றும், காதின் இயல்பு அது. அதனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் முன் அளவைச் சமன் செய்தே ஆக வேண்டும். சராசரி ஒலியளவை அளக்கும் அலகு லஃப்ஸ். பழைய சிடி -18, புதியது -9 என்று காட்டினால், புதியதை 9 டெசிபல் இறக்கிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் பழையதில் ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் சிறிய டிரம்) அடி முன்னால் வந்து நிற்கும், புதியதில் பாட்டோடு ஒட்டிக்கிடக்கும். ஸ்பாட்டிஃபை இந்தச் சமனை -14இல் தானாகவே செய்கிறது, அதற்கான செட்டிங் அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சிடி எப்போதும் மேல் என்றும் பிடித்துக்கொள்ள வேண்டாம். எண்பதுகளில் அவசரமாக வந்த சிடிகளில் சில, இசைத்தட்டு வெட்டுவதற்காகச் சமன் செய்த நகல் டேப்பிலிருந்து எடுத்தவை, பேஸ் வற்றிப்போயிருக்கும். அசல் டேப்பின் நிலைமையும் ஒன்று. எழுபதுகளில் பரவலாகப் பயன்பட்ட ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளின் பசை ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து இயந்திரத்தின் தலையில் ஒட்டும், இசை டேப்பிலிருந்து போய்விடும். அதற்குச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சுட வைக்கிறார்கள். பிறகு சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் டிஜிட்டலாக்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்து அசிட்டேட் டேப்புகளுக்கு இந்த நோய் கிடையாது.

எண்பதுகளின் டிரம்ஸுக்கு வருகிறேன். தொடக்கம் 1980, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோ, பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தின் ‘இன்ட்ரூடர்’. அங்கிருந்த எஸ்எஸ்எல் மிக்ஸிங் மேசையில், வாத்தியக்காரர்கள் பேசுவதைக் கேட்க அறையில் தொங்கும் ஒரு மைக் உண்டு. மெல்லப் பேசினாலும் கேட்கும்படி அதற்கு மிகக் கடுமையான கம்ப்ரஸர், அதாவது உரத்ததை அடக்கி மெல்லியதைத் தூக்கும் கருவி. ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது அது திறந்திருக்க, அறையின் எதிரொலி முழுவதும் பொங்கி வந்தது. ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்கம் அதைப் பதிவுக்கு இழுத்து, ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் மூடிவிடும் நாய்ஸ் கேட் ஒன்றைச் சேர்த்தார். எதிரொலி பெரிதாக எழும், தானாக அடங்குவதற்குள் சட்டென அறுந்துவிடும். சிம்பல் வேண்டாம் என்று கேப்ரியல் சொன்னதும் உதவியது, ஏனென்றால் நீண்டு ஒலிக்கும் சிம்பல் இருந்தால் கேட் மூடாது. அடுத்த ஆண்டு காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ இதை உலகறியச் செய்தது. விரைவிலேயே ஏஎம்எஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) கருவியில் இந்த விளைவு ஒரே பொத்தானில் கிடைத்தது, அறையே தேவைப்படவில்லை. கூடவே லின் டிரம் இயந்திரங்கள். உண்மையான டிரம்ஸ் ஒலியைச் சிப்பில் ஏற்றி விற்றவை என்பதால், வாங்கியவர் யாராக இருந்தாலும் உள்ளே இருந்தது அதே ஸ்னேர்தான். நீங்கள் கேட்ட ஒற்றுமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பிரின்ஸ் போன்றவர்கள் அதன் சுருதியை மாற்றித் தமக்கென ஒரு ஒலியை உருவாக்கிக்கொண்டார்கள், பலர் பெட்டியில் வந்தபடியே விட்டுவிட்டார்கள்.

இதைக் காதால் பிடிக்க, லெட் செப்பலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (1971) பாட்டையும் ‘இன்ட்ரூடர்’ பாட்டையும் அளவைச் சமன் செய்து அடுத்தடுத்துப் போடுங்கள். முன்னதில் ஜான் பானமின் டிரம்ஸ் ஒரு பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்கு மேலிருந்து தொங்கிய இரண்டு மைக்கில் பதிவானது. இரண்டிலும் ஸ்னேர் அடி விழுந்த பிறகான அரை நொடியை மட்டும் கவனியுங்கள்.