500 ரிங்கிட் வாங்கியாகிவிட்டது, இனி போலீஸ் புகார் செய்யலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்ற என் மகன்மீது, தடம் மாறிய கார் ஒன்று மோதியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கார் ஓட்டுநர் 500 ரிங்கிட் கொடுத்துப் புகார் வேண்டாம் என்றார். மூன்று நாளாகிவிட்டது. இனி வழியுண்டா?

பதில்: உண்டு, இன்றே காவல் நிலையம் செல்லுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், உங்கள் மகனுக்கும் அந்தக் கடமை இருந்தது. மருத்துவமனையில் இருந்ததே தாமதத்துக்குக் காரணமென்றால் அதையும், வாங்கிய பணத்தையும் மறைக்காமல் புகாரில் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது பிறகு வெளிப்பட்டால் உண்மையான பகுதியையும் எவரும் நம்பமாட்டார்கள்.

பலர் கோட்டைவிடுவது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவியைத்தான். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழக்கமான பாதையில், சொந்தக் காரியத்துக்காக வழி மாறாமல் செல்கையில் நேர்ந்த விபத்து, சந்தா செலுத்தும் தொழிலாளிக்கு வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாட்களுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவித் தொகையாகக் கிடைக்கும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவிடம் அறிவிக்க வேண்டும். ஆகவே மனிதவளப் பிரிவுக்குத் தாமதமின்றி எழுத்து மூலம் தெரிவித்து, போலீஸ் புகார், பாதை வரைபடம், வேலை நேரப் பதிவு, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

சொக்சோ உதவி பெறுவதால், காரின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கோரும் உரிமை போய்விடாது. மூன்றாம் தரப்பினரின் உடற்காயத்துக்கான காப்புறுதி தனியார் மோட்டார் வாகனங்களுக்குக் கட்டாயம். தனியாருக்கு எதிரான காய வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு அவகாசமுண்டு. மோதியது அரசாங்க வாகனமென்றால் 36 மாதங்கள்தான். ஆனால், அந்த 500 ரிங்கிட்டோடு ‘முழுத் தீர்வு’ என்று எதிலேனும் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தாளை முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வார்டு வரை தேடி வந்து, ‘இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு கொடுத்தால் போதும்’ என்று வழக்குப் பிடிக்கும் தரகர்களை அண்டவிடாதீர்கள். மலேசியாவில் வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசிக் கட்டணம் வாங்கச் சட்டம் இடமளிக்கவில்லை.