முயல் தொகுதியில் இருக்கும் ஹிண்டின் சிவப்பு விண்மீன் ஏன் அவ்வளவு சிவப்பு? வெறும் கண்ணால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. ஆர் லெபோரிஸ் என்ற இந்த விண்மீனின் ஒளி ஏறத்தாழ 430 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் அதன் ஒளித்தரம் (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) 5.5 வரை வரும், அப்போது நல்ல இருட்டான ஊரில் மங்கலாகத் தெரியலாம், அடங்கிவிட்டால் 11-ஐயும் தாண்டி மங்கிவிடும், பிறகு தொலைநோக்கிதான். 1845-இல் இதைக் கண்ட வானியலாளர் ஜான் ரஸல் ஹிண்ட், கருப்புத் தளத்தில் ஒரு சொட்டு இரத்தம் போல இருப்பதாக எழுதினார்.

சாதாரண சிவப்பு விண்மீன்கள், திருவாதிரை உட்பட, கண்ணுக்கு ஆரஞ்சாகத்தான் இருக்கும். இது கார்பன் விண்மீன். உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன் மேலே கிளறப்பட்டு, வெளி மண்டலத்தில் ஆக்சிஜனைவிட அதிகமாகிவிட்டது. அந்தக் கார்பன் மூலக்கூறுகள் நீல ஒளியை விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி நம்மிடம் வருகிறது. தொலைவு ஆயிரம் ஒளியாண்டுக்கும் மேல்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் ஓரியன் தொகுதியின் பிரகாசமான ரைகல் விண்மீனைப் பிடியுங்கள், அதற்குத் தென்மேற்கே ஏழெட்டு டிகிரி தள்ளி இருக்கிறது. முயல் தொகுதியின் அர்னெப் விண்மீனிலிருந்து அதே தொகுதியின் மியூ லெபோரிஸ் வழியாகக் கோடு போட்டு நீட்டினாலும் அங்கேதான் போய் நிற்கும். பைனாகுலரில் ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள், ஒளி சின்ன வட்டமாக விரிந்து நிறம் சட்டென்று எடுத்துக்காட்டும். அப்புறம், பக்கத்து விண்மீனோடு பிரகாசத்தை ஒப்பிடும்போது வெறித்துப் பார்க்காதீர்கள்: பார்க்கப் பார்க்கச் சிவப்பு கண்ணுக்கு இன்னும் பிரகாசமாகத் தோன்றும், கணக்கு தப்பிவிடும்.