போத்தலைத் தள்ளும் பிள்ளைக்குப் பால் மெதுவாக வரட்டும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு கிழமை, தாய்ப்பால் மட்டும்தான். இன்னும் ஆறு கிழமையில் டவுனில் வேலைக்குத் திரும்பவேண்டும். பீச்சிய பாலைப் போத்தலில் கொடுத்தால் புரைக்கேறுகிறது. பிறகு நாக்கால் தள்ளிவிட்டு அழுகிறான். பகலில் அம்மம்மாதான் பார்ப்பா. என்ன செய்யலாம்?

பதில்: புரைக்கேறுகிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். மார்பில் பிள்ளை கொஞ்ச நேரம் சூப்பிய பிறகே பால் இறங்கும்; அவன் நிறுத்தினால் அதுவும் குறையும். சரித்துப் பிடித்த போத்தலில் சூப்பாவிட்டாலும் பால் கொட்டும். பயந்துதான் தள்ளுகிறான்.

ஆகக் குறைந்த வேகமுள்ள சூப்பியை வாங்குங்கள். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழவேண்டும், தாரையாக ஓடக்கூடாது. பிள்ளையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி மடியில் இருத்துங்கள். சூப்பியால் மேலுதட்டைத் தடவி, வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருங்கள். நுனி மட்டுமல்ல, அடிப்பகுதியும் வாய்க்குள் போகவேண்டும். போத்தல் கிடையாகவே இருக்கட்டும். நாலைந்து மிடறு குடித்ததும் போத்தலின் அடியைத் தாழ்த்திப் பாலை நிறுத்தி, மூச்சுவிட இடம் கொடுங்கள். புருவம் சுருங்குவது, விரல்கள் விரிவது, கடைவாயால் பால் வழிவது எல்லாம் வேகம் கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். ஒரு வேளைப் பால் 10 முதல் 20 நிமிடம் பிடிக்கலாம். மிச்சத்தையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தவேண்டாம்.

பசித்து அழும்போது பழக்கினால் தோல்விதான். கையைச் சூப்பத் தொடங்கும் வேளை பார்த்து 15 முதல் 30 மி.லீ. மட்டும் கொடுங்கள், நாளுக்கு ஒரு தடவை. கொடுப்பது அம்மம்மா, நீங்கள் அந்த அறையிலேயே இருக்கவேண்டாம், உங்கள் மணம் வந்தால் மார்பைத்தான் தேடுவான். அழுதால் பத்து நிமிடத்தோடு விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். இந்தப் பழக்கலை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். வயது ஏற மறுப்பும் கூடலாம்.

அளவு: நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய 30 மி.லீ. ஒன்பது மணித்தியாலம் என்றால் 270. அதை மூன்று 90 மி.லீ. போத்தல்களாகப் பிரித்து வையுங்கள். வேலையிடத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பீச்சாவிட்டால் சுரப்பு குறையும். பாலூட்டச் சட்டப்படி இடைவேளை உண்டு, கேட்டு வாங்குங்கள். உப்புவெளி தூரமில்லையே, ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனாலே ஒரு போத்தல் மிச்சம்.

பீச்சிய பால் வெளியே நான்கு மணித்தியாலம் தாங்கும் என்பது 25 பாகை செல்சியசுக்குள் உள்ள அறைக்கு. கச்சான் காற்று வெக்கையாக வீசும் திருகோணமலை மத்தியானத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. பீச்சியவுடன் பிரிட்ஜின் உட்பக்கத்தில் வையுங்கள், கதவில் அல்ல. நான்கு நாள் இருக்கும். வேலையிடத்திலிருந்து ஐஸ்கட்டியோடு பெட்டியில் கொண்டுவாருங்கள். சூடாக்க இளஞ்சுடுநீரில் போத்தலை வைத்தால் போதும். மேலே படியும் ஆடை கெட்டுப்போன பால் அல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்காவிட்டால் ஊற்றிவிடுங்கள். வெக்கை என்று அம்மம்மா தண்ணீர் பருக்கவும் வேண்டாம். ஆறு மாதம்வரை பாலே போதும்.

குடும்பநல மாது (உங்கள் பகுதி மருத்துவிச்சி) போத்தலே வேண்டாம், கோப்பையால் பருக்குங்கள் என்று சொல்லியிருப்பா. அது நல்ல யோசனை: சூப்பியின் இடுக்கில் பால் காய்ந்து கிருமி வளரும், கோப்பையில் அப்படி மறைவிடமில்லை. நிமிர்த்தி இருத்தி, சின்னக் கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவு சரியுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், அவனே நக்கிக் குடிப்பான். இரண்டு கிழமை முயன்றும் போத்தலை ஏற்காவிட்டால் கோப்பைக்கே மாறிவிடுங்கள்.