நெப்ராஸ்காவின் புல்கட்டி வீடுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) குடியேறியவர்களை சாலமன் புட்சர் 1886 முதல் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

வீட்டுச் சாமான், மாடு எல்லாவற்றையும் ஏன் வெளியே நிறுத்தினார்கள்?

மரம் அரிதான புல்வெளி அது. வேரோடு புல்தரையைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே இருட்டு, காமிராவுக்கு வெளியில்தான் வெளிச்சம். அதோடு, கிழக்கு மாநிலங்களில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கு 'நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று காட்டவும் வேண்டும். ஹில்டன் குடும்பத்துப் படத்தைப் பாருங்கள். மண்வீடு படத்தில் தெரிவதில் அந்த அம்மாவுக்குக் கூச்சம். ஆனால் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் தங்களிடம் இருப்பது தெரிய வேண்டும். அதனால் ஆர்கனை முற்றத்துக்கு இழுத்து வந்து, சுற்றி நின்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

ஏன் யாருமே சிரிக்கவில்லை?

படம் எடுப்பது அன்று சடங்கு மாதிரி, அதனால்தான்.

பழைய கண்ணாடி நெகடிவை ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடவே கூடாது. படம் இருப்பது கண்ணாடித் தகட்டின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சில். ஈரம் பட்டால் உரிந்துவிடும்.

முகமூடி போட்டவர்கள் பண்ணை வேலியை வெட்டும் படம் போலிதானே?

1885-இல் குடியேறியவர்கள் வேலியை வெட்டியதைப் பின்னாளில் ஆட்களை நிறுத்தி எடுத்தது. போலி என்று சொல்ல மாட்டேன்.

நடித்துக் காட்டியது எப்படி சார் சரித்திரம் ஆகும்?

வேலி வெட்டியதற்கு அது சாட்சி இல்லை, சரி. ஆனால் மாட்டுப் பண்ணைக்காரர்களோடு நடந்த சண்டையை அந்த ஊர் எப்படி நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? பிழை படத்தில் இல்லை. 'பின்னர் நடித்து எடுத்தது' என்ற குறிப்பை வெட்டிவிட்டுப் பகிர்கிறார்களே, அங்கேதான் பிழை. குறிப்பைப் படத்திலிருந்து பிரிக்காதீர்கள்.

வண்ணம் ஏற்றலாமா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. நகலில் ஏற்றுங்கள், ஏற்றியது என்று எழுதுங்கள்.

ஸ்கேன் செய்தபின் தகடு எதற்கு?

முன்பு அச்சில் வெறும் கறுப்பாகத் தெரிந்த வாசல்களுக்குள், ஸ்கேன் செய்தபோது வீட்டின் உட்புறம் தெரிந்தது. தகட்டில் அது ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நாளை இதைவிட நல்ல கருவி வரும். அப்போதும் தகடுதான் வேண்டும்.

குறிப்பு, குறிப்பு என்கிறீர்களே, படம் மட்டும் போதாதா?

1899-இல் புட்சரின் வீடு எரிந்தது. குடும்பம் குடும்பமாக அவர் எழுதி வைத்த கதைகள் சாம்பலாயின, கண்ணாடித் தகடுகள் தப்பின. முகங்கள் கையில் இருந்தும், அவர் மறுபடி கதைகளைத் திரட்டி 1901-இல் கவுண்டியின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்.