சிறுநீர்த் தொற்றுக்குச் சென்ற முறை தந்த மாத்திரையையே இம்முறையும் வாங்கலாமா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது: ஒட்டுசுட்டானில் வசிக்கும், அறுபது வயதைக் கடந்த தாயாருக்குச் சலக்கடுப்பு அடிக்கடி வருகிறது, சென்ற முறை குணப்படுத்திய நைட்ரோபியூரன்டொயின் மாத்திரையைப் பாமசியில் தாமே வாங்கிக் கொடுக்கலாமா, அப்போதைய அறிக்கையில் பல மருந்துகளுக்கு நேரே ‘எஸ்’ (கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படும்) என்றிருந்தும் வைத்தியர் ஏன் அவற்றுள் பலமான ஒன்றைத் தரவில்லை. வன்னியில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் பணிபுரிபவன் என்ற வகையில் எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு. கிருமி எதுவென்று கண்டு சொல்வதே எங்கள் வேலை.

வாங்க வேண்டாம். எரிச்சலும் அடிக்கடி சலம் போவதும் சென்ற முறை போலவே இருக்கலாம். அதற்குக் காரணமான கிருமியும் அதுவேயாக இருக்கவேண்டும் என்பதில்லை. சிக்கலற்ற தொற்றுக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ. கோலை பற்றீரியாவே, நைட்ரோபியூரன்டொயின் அதற்கு இன்றும் பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் இம்முறை வந்திருப்பது புரோட்டியஸ் என்ற வேறொரு பற்றீரியா என்றால், அதே மாத்திரையை ஐந்து நாள் தவறாமல் போட்டாலும் பயனிராது, ஏனெனில் அக்கிருமிக்கு இம்மருந்தை எதிர்க்கும் தன்மை இயல்பிலேயே உண்டு; போதாக்குறைக்கு அது யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்கிக் கல் உருவாகவும் வழிசெய்யும். மற்றக் கிருமிகளிலும் இப்படித்தான்: கிளெப்சியெல்லாவுக்கு அமொக்சிசிலின் என்ற மருந்து செல்லாது, என்ரரோகொக்கசுக்குச் செபலெக்சின் என்ற மருந்து செல்லாது. ஈ. கோலையே திரும்பி வந்திருந்தாலும் அது பழைய ஈ. கோலைதான் என்று சொல்லிவிட முடியாது. இடையில் காய்ச்சலுக்கோ இருமலுக்கோ எடுத்த அன்ரிபயோட்டிக் குடலிலுள்ள பலவீனமானவற்றைக் கொன்று, எதிர்ப்புள்ளவற்றை மிச்சம் விட்டிருக்கக்கூடும்.

இனி அந்த ‘எஸ்’. கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சிறு கடதாசி வட்டுக்களை அதன்மேல் வைத்து, ஓரிரவு வளரவிட்டு, ஒவ்வொரு வட்டைச் சுற்றியும் கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, அந்தந்த மருந்துக்கென வகுக்கப்பட்ட அட்டவணையோடு ஒப்பிட்டே ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ (கிருமி மருந்தை எதிர்க்கும்) என்று எழுதுகிறோம். வழமையான அளவில் கொடுத்தால் அம்மருந்து பலனளிக்க வாய்ப்புண்டு என்பதே ‘எஸ்’ சொல்லும் செய்தி. ஒரு மருந்தின் வளையம் இன்னொன்றினதைவிடப் பெரிதென்பதால் அது பலம் கூடியதென்று கொள்ள முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

ஆகவே பல ‘எஸ்’களில் எளியதைத் தேர்ந்த வைத்தியர் சரியாகவே செய்திருக்கிறார் என்பது என் கருத்து. நைட்ரோபியூரன்டொயின் சிறுநீரில் செறிந்து சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். குடலின் ஏனைய கிருமிகளை அதிகம் குழப்பாது. உலக சுகாதார நிறுவனம் அன்ரிபயோட்டிக்குகளுக்கென 2017இல் கொண்டுவந்த மூவகைப் பிரிப்பில் அது முதல் தெரிவுக்குரிய தொகுதியில் இருக்க, பலமானவை என்று பலரும் கருதும் சிப்ரோபுளொக்சசினும் மெரோபெனெமும் கண்காணிப்புக்குரிய தொகுதியில் உள்ளன. அதேவேளை இம்மருந்து சிறுநீரகத் திசுவில் போதியளவு சேராது. சிறுநீரகச் செயற்பாடு நன்றாகக் குறைந்தவர்களுக்கு உகந்ததுமல்ல. காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படும் வவுனியா போன்ற மாவட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் வயதான ஒருவருக்கு இதைத் தாமாக வாங்கிக் கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அறிக்கையின் தரம் மாதிரியின் தரத்தைத் தாண்டாது. முதல் மாத்திரை போடுமுன் மாதிரி எடுக்கவேண்டும். கழுவிவிட்டு, முதலில் வரும் சலத்தை விட்டு, இடையில் வருவதை ஆய்வுகூடம் தந்த கிருமியற்ற போத்தலில் பிடிக்கவேண்டும். கழுவிய ஜாம் போத்தல் உதவாது. ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் ஒரு இலட்சம் கிருமிகள் என்பதே, தொற்று என்று கொள்ள நாங்கள் வழமையாகப் பார்க்கும் எல்லை. ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை உள்ள மாஞ்சோலைக்கு வெயிலில் பஸ்ஸில் வரும் போத்தலில், தோலிலிருந்து தவறி விழுந்த சில கிருமிகளும் பெருகி அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம். இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர முடியாதெனின் குளிரில் வைத்துக் கொண்டுவாருங்கள், அல்லது வைத்தியசாலைக்கு வந்தே எடுத்துக் கொடுங்கள். ‘கலப்பு வளர்ச்சி’ (பல கிருமிகள் சேர்ந்து வளர்ந்துள்ளன) என்று அறிக்கை வந்தால் பெரும்பாலும் மாதிரியே பழுது. மீண்டும் கொடுப்பதுதான் வழி.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுக் கதீற்றருடன் (சிறுநீரை வெளியேற்றும் குழாயுடன்) வாழ்பவர்கள் எம் பகுதியில் பலர் இருப்பதால் ஒரு பக்கக் குறிப்பு: நீண்டகாலக் கதீற்றரில் கிருமி இருந்தே தீரும். காய்ச்சல், நடுக்கம் போன்ற அறிகுறி இல்லாமல் அதற்கு மருந்து தேடவேண்டியதில்லை. அறிகுறி வந்தால் பைக்குள் தேங்கியதைக் கொடுக்காமல், கதீற்றரை மாற்றியபின் புதியதிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தாயாருக்கும் அவ்வாறே. எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இல்லாதபோது அறிக்கையில் மட்டும் கிருமி தெரிந்தால் பொதுவாக மருந்து அவசியமில்லை. கர்ப்பிணிகளின் விடயம் வேறு. அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

அறிக்கை வர இரண்டு மூன்று நாட்களாகும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, வயதானவருக்குத் திடீரெனப் புத்தி தடுமாறுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அதற்காகக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பழைய அறிக்கையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.