ரப்பர் மரக் கழிவிலிருந்து டீசல் எடுக்க முடியுமா?

செங்கோட்டையில் மர அறுவை மில் நடத்துகிறீர்கள், புனலூர்ப் பக்கமிருந்து வரும் ரப்பர் மரத்தின் கழிவு குவிகிறது, அதை டீசலாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேதியியல் சம்மதிக்கும், கணக்கு சம்மதிக்காது.

மரத்தைக் குறைந்த காற்றில் 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதை இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல், 200 முதல் 350 டிகிரியில், உயர் அழுத்தத்தில் செலுத்தினால் டீசலும் மெழுகும் கிடைக்கும். 1920களில் ஜெர்மனியின் ஃபிஷரும் டிராப்ஷும் கண்ட வழி இது.

வில்லன், வாயுவோடு சேர்ந்து வரும் தார். வாயு குளிர்ந்ததும் குழாய்களில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். துளி கந்தகம் இருந்தாலும் வினையூக்கி பாழ். சாதாரணக் காற்றை ஊதினால் வாயுவில் பாதியளவு நைட்ரஜனே நிற்கும். எனவே ஆக்சிஜனோ நீராவியோ வேண்டும். இத்தனை சுத்திகரிப்பும் அழுத்தக் கலன்களும் பெரிய ஆலைக்குத்தான் கட்டுப்படியாகும். கொல்லைப்புறத்தில் செய்து காட்டும் வீடியோக்களை நம்பிப் பணம் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

வாயுவை வாயுவாகவே பயன்படுத்துங்கள். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் பஸ்களே கரிவாயுவில்தான், அதாவது மரக்கரியிலிருந்து இதேபோல் எடுத்த வாயுவில்தான் ஓடின. உங்களுக்கு அதைவிட எளிய வழி, வாயுவை எரித்து, பலகை உலர்த்தும் அறைக்கு அந்த வெப்பத்தைக் கொடுப்பது. ரப்பர் பலகையை எப்படியும் உலர்த்தியாக வேண்டும். மரத்துண்டின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். சாரல் மாதங்களில் கூரை அவசியம். மரத்தூளை அப்படியே கொட்டினால் அடுப்பில் காற்றோட்டம் அடைபடும், கட்டிகளாக அழுத்திப் போடுங்கள்.