மல்டிமீட்டர் காட்டுற ஓம் சரியான்னு கடைசியா எதை வச்சு சொல்றாங்க?

சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, பாம் ஆயில் மில்லுல சார்ஜ்மேனுக்கு உதவியா இருக்காராம், மீட்டரை கேலிப்ரேஷனுக்கு அனுப்புறாங்களே, அந்த லேப் எதை வச்சு சரி பாக்குதுன்னு. நல்ல கேள்வி தம்பி. லேப் தன்னோட ரெசிஸ்டரை அதைவிட துல்லியமான இன்னொண்ணோட ஒப்பிடும், இப்படியே மேல மேல போனா நம்ம நாட்டுல செப்பாங்ல உள்ள தேசிய அளவியல் நிலையம், உலக அளவுல பாத்தா கடைசில வந்து நிக்கிறது குவாண்டம் ஹால் எஃபெக்ட்ங்கிற இயற்பியல் விளைவு.

இதை 1980ல ஜெர்மன் இயற்பியலாளர் க்ளாஸ் வான் கிளிட்சிங் கண்டுபிடிச்சாரு, 1985ல நோபல். ஒரு மெல்லிய தளத்துக்குள்ள மட்டும் ஓடுற எலக்ட்ரான்களை நல்லா குளிர வச்சு பலமான காந்தப்புலத்துல வச்சா, குறுக்கு ரெசிஸ்டன்ஸ் (கரண்ட் ஓடுற திசைக்குக் குறுக்கா வர்ற வோல்டேஜை கரண்டால வகுத்தது) காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட சீரா ஏறாம படி படியா நிக்கும். அந்தப் படியெல்லாம் 25,812.807 ஓமை 1, 2, 3ன்னு முழு எண்ணால வகுத்தா வர்ற மதிப்பு, லேப்ல பெரும்பாலும் ரெண்டால வகுத்ததைத்தான் எடுப்பாங்க. எனக்கு இதுல பெரிய ஆச்சரியமே, துண்டு நீளமோ குட்டையோ, உள்ள கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் அந்த எண் மாறாது, ஏன்னா அது பிளாங்க் மாறிலி (குவாண்டம் இயற்பியலோட அடிப்படை எண்), எலக்ட்ரான் மின்னூட்டம் ரெண்டை மட்டும்தான் சார்ந்தது. ஆனா கம்பி சுத்துன சாதா ரெசிஸ்டரோட மதிப்பு வருஷம் போகப் போக நகர்ந்துடும். 2019 மே 20லேர்ந்து அந்த ரெண்டு மாறிலிக்கும் எண்ணை நிரந்தரமா வச்சாச்சு.

அந்த மெல்லிய தளத்தை காலியம் ஆர்செனைடுங்கிற செமிகண்டக்டர்ல செஞ்சா காந்தப்புலம் 10 டெஸ்லா, குளிர் 1.5 கெல்வின் (0 கெல்வின்னா மைனஸ் 273 டிகிரி) பக்கம் வேணும், ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாளான கிராஃபீன்னா 5 டெஸ்லா, 4 கெல்வினே போதும், செலவு நல்லா குறையும். வெளிக் காந்தமே இல்லாம, காந்தத்தன்மை சேர்த்த டோபாலஜிகல் இன்சுலேட்டர்லயும் (உள்ள மின்சாரத்தை விடாம மேற்பரப்புல மட்டும் விடுற பொருள்) இந்த விளைவை 2013ல காட்டிட்டாங்க, ஆனா துல்லியத்துக்கு 1 கெல்வினுக்கும் ரொம்ப கீழ போகணும், அதனால இப்போதைக்கு கிராஃபீன்தான்னு நான் சொல்வேன்.